பன்னிரண்டுக்குக் கீழே

அக்டோபர் 3, வெள்ளி

என் வெட்டுப்பலகையை இன்று பெல்லார்மின் அறுத்துவிட்டான். மீன் அறுக்கிற பலகையையே ஒருத்தன் அறுத்ததை எங்கள் துறைமுகம் இன்றுதான் பார்த்தது.

பெல்லார்மின் எங்கள் படகின் எஞ்சின்காரன். போன பயணத்தில் நடுக்கடலில் பேட்டரி செத்து, வேறு படகு எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த வெட்கம் அவனுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிச் சரிபண்ணியாயிற்று, புதுசு வேண்டாம் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். இவன் சும்மா இருப்பானா? தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர் வாங்கி வந்தான். பேட்டரியில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் சொல்லுமாம்.

அதைப் பதிக்க, படகு ஓட்டுகிற வீல் ஹவுஸில் புதுசாக ஒரு பேனல் வேண்டும். தகரம் என்றால் துரு. மரம் என்றால் ஊறிப்போகும். அவன் கண் என்னுடைய வெள்ளை நைலான் பலகை மேல் விழுந்தது.

“லாசரண்ணே, இதுல துருவும் ஏறாது, கரண்டும் ஏறாது.”

“மீன் வாடை ஏறியிருக்குலே. ஒம் மீட்டருக்குப் பூனை காவல் வைக்கணும்.”

கம்பியைக் காய்ச்சி நாலு மூலையில் ஓட்டை போட்டு, ஆக்சா பிளேடால் அறுத்து, அரத்தால் தேய்த்து, அரைநாள் அதோடு மல்லுக்கட்டினான். மீட்டரை அமுக்கியதும் அதன் இரண்டு பக்கப் பிளாஸ்டிக் காதும் விரிந்து டக்கென்று பிடித்துக்கொண்டது. வயரைக் கொடுத்தான். 5.21 மாதிரி ஏதோ தெரிந்தது.

“மணி சொல்லுதா மக்கா? அஞ்சு இருபத்தொண்ணா?” என்றேன்.

தலைகீழாகப் பதித்திருக்கிறான்! திருப்பிப் போட்டதும் 12.5. முதலில் வயர்லெஸ் பெட்டிக்குப் போகிற வயரிலிருந்தே கரண்டு எடுத்திருந்தான். யாராவது வயர்லெஸ்ஸில் பேசினால் எண் கீழே விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு, தனியாக இரண்டு வயரை நேரே பேட்டரிக்கு இழுத்து, நடுவில் பியூஸ் போட்டு, பின்பக்கம் உப்புக்காற்று புகாமல் பசை பூசினான். முடித்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

படகின் சமையல்காரன் நான் இனி சோற்றுப்பானை மூடியில் வைத்து மீன் வெட்ட வேண்டும்.

அக்டோபர் 4, சனி

புறப்பட்டோம். இந்த நோட்டு பெர்னதெத் கொடுத்தது. என் பெண்சாதி. “அங்க ஒங்க பேச்சக் கேக்க ஆளிருக்காது, எழுதியாவது தீருங்க” என்றாள். நாலாம் வகுப்போடு என்னையும் பள்ளிக்கூடத்தையும் வாத்தியார் பிரித்து வைத்தார். இரண்டு பேருக்கும் நிம்மதி. எழுத்து கோணலாக இருந்தால் அலை மேல் பழி.

அவளுக்கு மார்பில் ஒரு சின்னக் கட்டி. சாளை மீன் கண்ணளவு இருக்கும். பதினாலாம் தேதி நாகர்கோவிலில் ஆபரேஷன். படகு கரைக்குத் திரும்ப இருபதாம் தேதி தாண்டிவிடும். நான் அங்கே இருந்து என்ன செய்யப் போகிறேன், டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கவா? அவளே போகச் சொல்லிவிட்டாள். சொன்னாள் என்றால், வாயால் சொல்லவில்லை. என் துணிப்பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அதற்கு அர்த்தம் போ என்பதுதானே.

படகில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. கேட்டால் என்னை இறக்கிவிட்டுவிடுவார்கள்.

மாலையில் சிராங்கு தொபியாஸ் எல்லோரையும் கூப்பிட்டார். படகை நடத்துகிறவர் அவர்தான். வாயைத் திறந்தால் காரியம் மட்டும் வரும். மீட்டரைப் பற்றிப் பெல்லார்மினைப் பேசச் சொன்னார்.

“எஞ்சின் ஓடும்போது எம்பிடு காட்டினாலும் நம்பாதீங்க. அப்ப எந்தக் கிழட்டு பேட்டரியும் பதினாலு காட்டும். ராத்திரி தூண்டிலப் போட்டு எஞ்சின நிறுத்துவோம்லா? விடியக்காலம் ஸ்டார்ட் போடதுக்கு முன்ன பாக்கணும். அதுதான் உள்ளது. பன்னெண்டுக்கு மேல இருந்தா பிரச்சனை இல்ல. கீழ வந்தா பேட்டரி சார்ஜப் பிடிச்சு வைக்கலண்ணு அர்த்தம். அன்னைக்கே எஞ்சினப் போட்டு, அணைக்காம நேரா கரைக்குப் போயிரணும்.”

“விடியக்காலம் யாரு எந்திரிக்கா?” என்றார் சிராங்கு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேநீர் போட நான்தானே முதலில் எழுகிறவன். மற்றவர்கள் எழும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, மீட்டரின் நிஜ முகம் எனக்கு மட்டும்.

“எண்ணு தெரியுமாலே ஒனக்கு?”

“தெரியும் சிராங்கே. எழுத்துதான் என்னக் கண்டா ஓடும்.”

அக்டோபர் 6, திங்கள்

மீன் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். கரை தெரியாது, போனில் சிக்னல் கிடையாது. இரவு தூண்டில் போட்டோம். காலையில் 12.5 என்று கத்தினேன். பெல்லார்மின் தூக்கத்திலேயே சிரித்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

12.4. ஏழு சூரை, ஒரு சுறா. குழம்பில் உப்பு கூடிவிட்டது. கடலைக் குறை சொல்லித் தப்பித்தேன்.

அக்டோபர் 8, புதன்

இன்று காலையில் “நூத்திருவது!” என்று கத்தினேன். பெல்லார்மின் கைலியை இடுப்பில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். வீல் ஹவுஸ் கதவில் முட்டிக்கொண்டான். படகே சிரித்தது. நிஜத்தில் 12.2.

“அண்ணே, இதுல மட்டும் வெளையாடாதீங்க,” என்றான், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

“நாளைக்கு ஆறு சொல்லுதேன். ஒன் நெத்தியில மறுபக்கமும் வீங்கட்டும், பாக்க லெச்சணமா இருக்கும்.”

மாலை முழுக்க எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எல்லா வெங்காயத்தையும் உரித்துவிட்டேன். மூன்று நாளைக்கானது. பிறகு பாத்திரங்களைத் தேய்த்தேன். பிறகு தேய்த்ததையே தேய்த்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

இந்த மீட்டரின் எழுத்து ரொம்பச் சின்னது. சிவப்பு வேறு. இருட்டிலிருந்து வந்து பார்த்தால் மூன்று எட்டு மாதிரி இருக்கும், எட்டு மூன்று மாதிரி இருக்கும். இன்று 11.9 மாதிரி தெரிந்தது. மாதிரிதான். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான். மனிதனுக்கு நாற்பதைத் தாண்டினால் கண் இப்படித்தான்.

12.2 என்று கத்தினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பார்த்தீர்களா? பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று திரும்பினால் பதினொன்றாம் தேதி கரையில் இருப்போம். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

உட்கார்ந்தால் எழ வேண்டும் போல் இருக்கிறது. எழுந்தால் போக இடமில்லை. படகு எத்தனை அடி இருக்கும்? அதை இன்று பலமுறை நடந்தேன். முன்னால் அணியத்தில் போய் நின்றால் பின்னால் யாரோ கூப்பிட்டது போல் இருக்கிறது. பின்னால் வந்தால் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

“என்னலே, பொறியில மாட்டுன எலி மாதிரி ஓடுத?” என்று கேட்டார் சிராங்கு.

“ஒடம்பு இளைக்கணும்ணு டாக்டர் சொன்னாரு.”

டாக்டர் என்ற சொல் என் வாயிலிருந்தே வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பெர்னதெத்தை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன அன்று நானும் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்தேன். ஒரு பாட்டி பல்செட் விழும் அளவுக்குச் சிரித்தாள். கதவு திறந்து பெர்னா வெளியே வந்தபோது நான் பாதிக் கதையில் இருந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு நேராகப் படி இறங்கிப் போய்விட்டாள். அந்தக் கதையை நான் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மீட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

மீட்டர் 12.2 என்று சொன்னேன்.

அக்டோபர் 11, சனி

இன்று மீட்டரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் முனகியது. காய்ச்சல்காரன் எழுவது போல ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவதில் பிடித்தது. பெல்லார்மின் நேராக என்னிடம் வந்தான்.

“அண்ணே, இன்னைக்கு எம்பிடு காட்டிச்சு?”

“சொன்னேன்லா. பன்னெண்டு புள்ளி ரெண்டு.”

“வெளையாட்டில்லாம சொல்லுங்க.”

“வெளையாட்டில்லாமத்தான் சொல்லுதேன்.”

நான் விளையாட்டில்லாமல் பேசியதை அவன் இதற்குமுன் கேட்டதில்லை போல. நம்பிவிட்டான். “அப்ப நம்ம மீட்டருதான் தப்பு,” என்றான். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

பகல் முழுக்கப் பேனலைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயரைப் பிரித்தான், நுனியைச் சுரண்டினான், மறுபடி முறுக்கினான். பியூஸை எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

“எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல அண்ணே. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சரியா இல்ல. மலிவு சாமான் வாங்குனது எந் தப்பு. கழத்திக் கடல்ல எறிஞ்சிரட்டா?”

“எறியாதே,” என்றேன்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பிறகு, “எறிஞ்சா எம் பலகைல ஓட்டைதான் மிஞ்சும்,” என்றேன். அவன் சிரிக்கவில்லை. மறுபடியும் மாட்டினான்.

அக்டோபர் 13, திங்கள்

கோணல் எழுத்துக்கு இன்று அலை காரணமில்லை.

விடியும் நேரத்தில் எழுந்து வீல் ஹவுஸுக்குப் போனேன். மீட்டரைப் பார்க்கும் முன்பே கண்ணாடி வழியாகக் கப்பலைப் பார்த்துவிட்டேன். சாம்பல் வெளிச்சத்தில் ஒரு தெருவே எழுந்து நடந்து வருவது போல, நேராக எங்களைப் பார்த்து. கடலில் எங்கள் தூண்டில் கயிறு கிடக்கிறது. நாங்கள் மிதந்துகொண்டிருக்கிறோம்.

“கப்பல்!” என்று கத்தினேன்.

சிராங்கு ஓடிவந்து சக்கரத்தைப் பிடித்தார். “ஸ்டார்ட் போடு! லாசரு, எம்பிடு காட்டுது?”

“பதினொண்ணு புள்ளி மூணு,” என்றேன்.

தளத்தில் யாரோ சிரித்தார்கள். சிராங்குகூட, “இந்த நேரத்துலயுமா ஒனக்கு?” என்றார். என் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

பெல்லார்மின் சாவியைத் திருப்பினான். டக். அவ்வளவுதான். மறுபடி, டக். வயர்லெஸ்ஸை அமுக்கினார் சிராங்கு. அதன் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. மீட்டரின் சிவப்பு எழுத்தும் மங்கி மங்கிக் காணாமல் போயிற்று.

சிரிப்பு நின்றது.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அடுப்பில் இருந்தது போக என் சமையல் மண்ணெண்ணெய் மொத்தத்தையும் கொண்டுவந்தேன். போர்வைகளைச் சுருட்டி நனைத்து இரும்பு வாளியில் போட்டுக் கொளுத்தினோம். கரும்புகை எழுந்தது. எல்லோரும் தட்டையும் பானையையும் அடித்தோம். அந்த ராட்சசனுக்கு அது கேட்குமா? ஆனாலும் அடித்தோம். சிராங்கு தூண்டில் கயிற்றை அறுக்கச் சொன்னார். ஒருவன் அறுத்தான். துடுப்பு இரண்டு இருந்தது, அதைப் போட்டு வலித்தோம். எறும்பு மலையை நகர்த்தினது போலத்தான்.

கப்பல் மெல்லத் தலையைத் திருப்பியது. எங்களைப் பார்த்துத் திருப்பியதோ, அதன் வழியே அப்படித்தானோ, யாருக்குத் தெரியும். பக்கத்தில் போனபோது அதன் மேல்தளத்தில் ஒருவன் மஞ்சள் சட்டையில் நிற்பது தெரிந்தது. அதன் அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டதில் சோற்றுப்பானை கடலுக்குப் போயிற்று. பானை மட்டும்தான்.

எல்லோரும் தளத்தில் உட்கார்ந்துவிட்டோம். ஒருவன் வாந்தி எடுத்தான். பெல்லார்மின் பேனல் முன்னால் போய் நின்று, “எம் மீட்டரு கொன்னிருக்கும் எல்லாரையும்,” என்றான்.

“இல்லலே,” என்றேன். “மீட்டர் சரியாத்தான் காட்டிச்சு. அஞ்சு நாளா சரியாத்தான் காட்டுது. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

எல்லோரும் இதுவும் தமாஷ் என்று நினைத்துச் சிரிப்பு வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

“எதுக்கு?” என்றார் சிராங்கு.

“பன்னெண்டுக்குக் கீழண்ணு சொன்னா கரைக்குத் திருப்புவீங்க.”

“திருப்பினா?”

“நாளைக்கு எம் பெஞ்சாதிக்கு ஆபரேஷன். மாருல கட்டி. கரைல இருந்தா நானும் போணும். அந்த வாசல்ல இருக்கணும்.” இத்தனை வருஷம் இந்த வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு, அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

சிராங்கு எழுந்து என் முன்னால் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். “இந்தப் படகுல எல்லாத்துக்கும் பெஞ்சாதி இருக்குலே,” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பெல்லார்மின் மட்டும் அங்கேயே நின்றான். “நேத்து பூரா எங்கைய நானே சந்தேகப்பட்டேன் ஓய். நீரு சோறு கொண்டுவந்து பக்கத்துல வச்சீரு.” என்னை அவன் அண்ணே என்று கூப்பிடாதது இதுதான் முதல் தடவை.

மாலையில் தேநீர் போட்டேன். அவன் தனியாக ஒரு டம்ளரில் தானே போட்டுக் குடித்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மிதக்கிறோம். அறுத்துவிட்ட தூண்டில் கயிறு பக்கத்திலேயே மிதந்தது, கிடைத்த மிச்சத்தைக் கையாலேயே இழுத்தோம். உள்ளங்கை கிழிந்துவிட்டது. நல்லது. இழுக்கும்போது வேறு நினைப்பு வராது.

இந்நேரம் உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். இந்நேரம் மயக்க ஊசி. இந்நேரம். சூரியனைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். இன்று யாரையும் சிரிக்க வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

மதியம் ஒரு படகு தெரிந்தது. என் மைத்துனன் வின்சிலாஸின் படகு. பெர்னாவின் தம்பி. நாங்கள் வழக்கமாக மீன் பிடிக்கிற இடம் அவனுக்குத் தெரியும். நேற்று ராத்திரியிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பதில் வராததால் தேடிக்கொண்டே வந்திருக்கிறான்.

படகு ஒட்டி நிற்கும் முன்பே கேட்டேன். “அக்காவுக்கு எப்படி இருக்கு? ஆபரேஷன் முடிஞ்சுதா?”

“அவ போகல அத்தான்.”

“என்னது?”

“நான் கடலுக்கு எறங்குததுக்கு முன்னயே ஆஸ்பத்திரில போய்த் தேதிய மாத்திச் சொல்லிட்டு வந்துட்டா. டாக்டர் ஒரே சத்தம், இது தள்ளிப்போடுத காரியமில்லண்ணு. கேக்கல. ‘அந்த மனுசன் வரட்டும். மயக்கத்துக்கு முன்ன நான் பாக்குத கடைசி மூஞ்சி டாக்டர் மூஞ்சியா இருக்கப்படாது’ங்கா.”

வின்சிலாஸ் இதைச் சொல்லிவிட்டு, தன்னிடமிருந்த இன்னொரு பேட்டரியைக் கயிற்றில் கட்டி இறக்கினான். பெல்லார்மின் வாங்கினான். கம்பிகளைப் பூட்டினான். நான் படகு மோதாமலிருக்கக் கட்டியிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவளிடமிருந்து ஓடி வந்ததாக நினைத்தேன். அவள் அங்கேயே நின்று, ஒரு நாளை என் பங்குக்கு எடுத்து வைத்திருக்கிறாள். தள்ளிப்போடக் கூடாத நாளை.

எஞ்சின் பிடித்தது. சிராங்கு என்னைப் பார்க்காமலே, “வீட்டுக்கு,” என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

எஞ்சினை அணைக்காமல் ஓடுகிறோம். காலையில் பெல்லார்மின் வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். டம்ளரை நீட்டினான். ஊற்றினேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

மத்தியானம் கரை ஒரு கோடு மாதிரி தெரிந்தது. போனில் ஒரு கட்டை சிக்னல். எல்லோரும் அவரவர் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அணியத்துக்குப் போனேன்.

எடுத்தாள். “வந்துட்டியளா?”

“வந்துட்டே இருக்கேன்.”

“மீன் உண்டா?”

“கொஞ்சம்.”

“என்ன, சத்தமே இல்ல? கடல்ல வாயத் தொலச்சிட்டியளா? எதாவது சொல்லுங்க, கேக்கட்டும்.”

வழி நெடுகத் தயார் செய்து வைத்திருந்தேன். கப்பல்காரன் மஞ்சள் சட்டை, கடலில் போன சோற்றுப்பானை, எல்லாம் தமாஷாகச் சொல்லலாம் என்று. வாயைத் திறந்தேன்.

“எனக்குப் பயமா இருக்கு, பெர்னா.”

அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கலகலவென்று, மூச்சு முட்ட, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. “இம்புட்டு நாளு கழிச்சு இப்பத்தான் நல்ல தமாசு சொல்லியிருக்கிய” என்றாள். நான் சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நின்றது.

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

மறுபடி காதில் வைத்தபோது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“எனக்கும்தான்.”